லீட்: எந்த எழுத்துக்கூட்டல்?

செய்தியின் தொடக்கப் பத்தியை அமெரிக்கப் பத்திரிகைகளில் 'லீட்' என்பார்கள். அதை எல்-ஈ-ஏ-டி என்று எழுதுவதா, எல்-ஈ-டி-ஈ என்றா? புதிதாக எழுத வருபவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

குழப்பம்: ஏ-டி வடிவத்துக்கு ஈயம் என்றும் பொருள். ஈய எழுத்துகளைக் கோர்த்து அச்சடித்த காலத்தில், வரிகளுக்கு நடுவே செருகிய பட்டைக்கும் இதே எழுத்துகள்தான்; உச்சரிப்பு மட்டும் 'லெட்'. டி-ஈ வடிவத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

வயது: ஏ-டி பழசு. டி-ஈ பார்க்கத்தான் பாட்டன் காலத்துச் சொல் மாதிரி இருக்கும். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியில் ஏறியதே 2008-ல்தான்.

புரிதல்: ஏ-டி எல்லோருக்கும் புரியும். மற்றது பத்திரிகைக்காரர்களுக்கு, கொஞ்சம் பந்தாவும்கூட.

சரி, ஆசிரியர் குழுவுக்குள் குறிப்பு எழுத டி-ஈ. பொது வாசகருக்கு ஏ-டி போதும்.