"எல்லாத் தேனீக்கும் பொருந்தும்" என்றார்கள், ராணியைக் கொன்றேன்

ராணி வளர்ப்புக் கருவிகள் வாங்க நினைக்கும் இந்தியத் தேனீ வளர்ப்பவர்களே, பணம் அனுப்புவதற்கு முன் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு உங்கள் பெட்டியருகே போங்கள். நான் போகவில்லை. 4,800 ரூபாயும் குற்றமில்லாத ஒரு ராணியும் போய்விட்டன.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டத்தில் இந்தியத் தேனீக்கான சிறிய நியூட்டன் பெட்டிகள் 12 வைத்திருக்கிறேன். மாசி, பங்குனியில் ரப்பர் துளிரில் தேன் ஊறும் முன் கூட்டங்களைப் பெருக்கியாக வேண்டும். ஐப்பசியிலேயே புது ராணிகளுக்கு அடிபோட்டேன். இணையத்தில் ஒரு விற்பனையாளரின் விளம்பரம் கண்ணில் பட்டது. ராணியை அடைத்து முட்டையிட வைக்கும் பிளாஸ்டிக் அடை, புது ராணியை வளர்க்கும் ராணிக் குவளைகள், அவற்றைத் தாங்கும் சட்டம், ராணி தேன் அறைக்குள் போகாமல் மறிக்கும் ராணித் தடுப்புத் தகடு, எல்லாம் ஒரே தொகுப்பாக. "எங்களுடையது இந்தியத் தேனீ, சரிவருமா?" என்று தொலைபேசியில் கேட்டேன். "எல்லாத் தேனீக்கும் பொருந்தும் சார்" என்றார்.

வந்த சட்டம் பெட்டிக்குள் இறங்கவே இல்லை. இத்தாலியத் தேனீக்கான பெரிய லாங்ஸ்ட்ராத் பெட்டியின் நீளம். அப்போதே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நானோ ரம்பத்தை எடுத்து அறுத்துச் சரிசெய்தேன். அறுத்த பொருளை யார் திரும்ப வாங்குவார்கள்?

ராணியை அடைக்குள் விட்டேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் முட்டைகளைக் கண்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. புழு பொரிந்ததும் 20 அறைகளின் அடிப்பகுதியைக் கழற்றிக் குவளைகளில் பொருத்தி, ராணியில்லாத கூட்டத்துக்குக் கொடுத்தேன். பணித்தேனீக்கள் மூன்றை மட்டும் கொஞ்சம் வளர்த்தன. பிறகு அவற்றையும் பிய்த்துப்போட்டன. பிளாஸ்டிக் அடையில் எஞ்சியவை மூடப்பட்டபோது, மூடிகள் கூம்பாக எழும்பி, நடுவில் ஊசி முனையளவு துளையோடு இருந்தன. நம் தேனீயில் அது ஆண் அறையின் அடையாளம். கருவுறாத முட்டைதான் ஆண் தேனீ ஆகும்.

படம் எடுத்து விற்பனையாளருக்கு அனுப்பினேன். "உங்கள் ராணி கிழடு, விந்து தீர்ந்துவிட்டது. கொன்றுவிட்டு எங்களிடம் புது ராணி வாங்குங்கள்" என்று பதில் வந்தது. அன்று மாலையே நசுக்கினேன்.

மறுநாள் பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி வந்தார். நாற்பது வருடமாகத் தேனீ வளர்ப்பவர். பிளாஸ்டிக்கை அவர் தொடவில்லை. மற்றச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்தார். மூடிய பணித்தேனீ அறைகள் தட்டையாக, இடைவெளியில்லாமல், பாய் விரித்ததுபோல் இருந்தன. "இதுவா தம்பி கிழட்டு ராணி?" என்று கேட்டு ஸ்கேலை வைத்தார். எங்கள் அடையில் பத்து அறை 4.3 சென்டிமீட்டர். பிளாஸ்டிக்கில் பத்து அறை 5.3. அது இத்தாலியத் தேனீயின் பணித்தேனீ அறை அளவு. ராணி முன்னங்காலால் அறையின் அகலத்தைப் பார்த்துத்தான் கருவுற்ற முட்டையா, கருவுறாததா என்று இடுகிறது. அவ்வளவு அகலம் நம் ராணிக்கு ஆண் அறை. பாவம், அது தன் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறது. ஆண் புழுவை எந்தக் குவளையில் வைத்தாலும் ராணி ஆகாது.

தடுப்புத் தகட்டையும் அளந்தோம்: கம்பி இடைவெளி 4.2 மில்லிமீட்டர். இத்தாலிய ராணியைத் தடுக்கும். அதைவிடச் சிறிய நம் ராணி நுழைந்துவிடும். நம்பாமல் இன்னொரு பெட்டியில் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நாள் தேன் அறையில் முட்டை.

இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்களுக்கு அந்தத் தொகுப்பு நன்றாகவே உதவும் என்று நினைக்கிறேன். பொருளில் குறையில்லை, சொன்ன வாயில்தான் குறை. அளவுகளை எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. அதற்குப் பிறகு என் அழைப்பு போகவில்லை.

இப்போது எங்கள் கூட்டிலேயே கட்டியிருந்த ராணிக் குவளைக்குள் சரியாக நுழையும்படி ஒரு மரக்குச்சியைச் செதுக்கி, உருகிய மெழுகில் முக்கிக் குவளை செய்கிறேன். பணித்தேனீ அறையிலிருந்து ஒரு நாள்கூட ஆகாத புழுவை எடுத்து வைக்கிறேன். சென்ற முறை பத்தில் ஆறு தேறின. விளம்பரத்தை நேற்றும் பார்த்தேன். "எல்லாத் தேனீக்கும்" என்ற வரி அப்படியே இருக்கிறது.