திருச்சியில் சுருட்டை முடிக்கு ஸ்மூத்தனிங்: பாட்டிலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்

ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து லீவுக்கு ஊருக்குப் போகும் பெண்கள் பலர் முடிக்கு ஏதாவது செய்துகொண்டுதான் திரும்புகிறோம். செலவு குறைவு என்பது ஒரு காரணம். அடர்த்தியான சுருட்டை முடியில் தினமும் வேலை செய்து பழகிய கைகள் ஊரில்தான் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்த முறை தில்லை நகர் பக்கம் சில பார்லர்களில் ஏறி இறங்கி, நன்றாக விசாரித்த பிறகே முடிவு செய்தேன்.

விலைப்பட்டியலில் முடியை நேராக்கவும் படியவைக்கவும் ரீபாண்டிங், ஸ்மூத்தனிங், கெரட்டின், ஹேர் போடாக்ஸ், நானோபிளாஸ்டியா என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். தோள் வரை ஒரு விலை, இடுப்பு வரை ஒரு விலை. பெயரை விட்டுவிட்டு உள்ளே என்ன ரசாயனம் என்று பார்த்தால் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

ரீபாண்டிங்கிலும் ஸ்மூத்தனிங்கிலும் பெரும்பாலும் தயோகிளைகோலேட் கிரீம்தான். முடிக்குச் சுருளைக் கொடுக்கும் கந்தகப் பிணைப்புகளை அது உடைக்கும். பிறகு அலசி, காயவைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பிரித்து அயர்ன் செய்து, ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள நியூட்ரலைசர் போட்டு, அந்த நேரான வடிவத்திலேயே பிணைப்பைத் திரும்பச் சேர்ப்பார்கள். போட்ட முடி நேராகவே நிற்கும். ஆனால் மாதம் சுமார் ஒரு சென்டிமீட்டர் புது முடி வேரிலிருந்து சுருட்டையாகவே வரும்.

கெரட்டின் வகை வேறு. முடியின் மேல் பூசி, அதிகச் சூட்டில் அயர்ன் வைத்து ஒட்டவைப்பது. சில மாதங்களில் கரைந்துவிடும், சுருளும் முழுதாகப் போகாது. முடி பறப்பது மட்டும்தான் தொல்லை என்பவர்களுக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இவற்றில் பலவற்றில் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைடு ஆவியாக வெளியேறும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே அதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுசாதனப் பொருட்களில் அதைச் சேர்க்கவே தடை. நான் போன ஒரு பார்லரில் ஏசிக்காக ஜன்னலையெல்லாம் மூடிவிட்டுப் பக்கத்து நாற்காலியில் கெரட்டின் செய்துகொண்டிருந்தார்கள். எனக்கே கண் எரிந்தது. நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்கும் அந்தப் பெண்பிள்ளைகளை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை. பாட்டிலைக் கேட்டேன். லேபிள் இல்லாத டப்பா ஒன்றைக் காட்டினார்கள். கிளம்பிவிட்டேன்.

“ஃபார்மாலின் (ஃபார்மால்டிஹைடு கரைசல்) இல்லாதது” என்று விற்பதில் பல கிளையாக்சாலிக் அமிலம் கலந்தவை. அதிலும் கவனம் வேண்டும். 2024-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஒரு நோயாளியின் விவரம் இது: அந்த அமிலம் கலந்த கிரீமில் முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் அந்தப் பெண்ணின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

கடைசியில் நான் தேர்ந்தெடுத்த பார்லரில் விலை சொல்வதற்கு முன்பே அந்தப் பெண் கேட்ட கேள்வி: “அக்கா, இப்ப கொஞ்ச நாளைக்குள்ள ஹென்னா, டை ஏதாச்சும் போட்டீங்களா? பாக்கெட் பேர் ஞாபகம் இருக்கா?” அந்தக் கேள்விக்காகவே அங்கே உட்கார்ந்தேன். சில கருப்பு மெஹந்தி பாக்கெட்டுகளில் உலோக உப்புகள் இருக்கும். பெராக்சைடு பட்டால் முடி சூடேறி அறுந்துவிடும். நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஜெர்மனியில் ஆஃப்ரோ சலூனில் ரிலாக்சர் என்ற முடி நேராக்கும் கிரீம் போட்டிருந்தால் மறைக்காதீர்கள். அது பெரும்பாலும் சோடியம் ஹைட்ராக்சைடு வகை. அதன் மேல் தயோகிளைகோலேட் போட்டால் முடி தாங்காது.

பின்கழுத்துப் பக்கம் ஒரு சிறு கற்றையில் முதலில் போட்டுப் பார்த்தார்கள். முழு ரீபாண்டிங் செய்தால் முடி தலையோடு ஒட்டிப்போகும், ஸ்மூத்தனிங் போதும் என்று அந்தப் பெண்ணே சொன்னார். அதிக விலை உள்ளதைத் தள்ளாமல் அப்படிச் சொன்னதில் எனக்கு அவ்வளவு மரியாதை. கிட்டத்தட்ட ஒரு பகல் முழுக்க வேலை. அம்மோனியா நெடி இருந்தது, ஆனால் ஜன்னல்கள் திறந்திருந்தன.

செய்வதாக இருந்தால் ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். உச்சந்தலை எரிந்தாலோ முடி உடைந்தாலோ அதே இடத்துக்குத் திரும்பப் போகலாம். பார்லரில் சொல்லும் நாள் வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கட்டவோ கிளிப் போடவோ கூடாது. அதனால் அந்த வாரத்தில் கல்யாணமோ குலதெய்வக் கோயிலில் தலை முழுகும் வேண்டுதலோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வேரில் வளர்ந்ததற்கு மட்டும் போட்டால் போதும். ஏற்கெனவே நேராக்கிய முடிமேல் திரும்பவும் கிரீம் தடவ விடாதீர்கள்.