கேமரன்மலை இறக்கத்தில் ‘டி’யா, ‘எம்’மா?

பேராக் மாநிலத்துத் தாப்பாவில் எங்களுக்கு இரண்டு விதமான சாலைதான். ஒன்று, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பீடோர் பக்கம் சமதளமாகப் போவது. இன்னொன்று, ஊரைத் தாண்டியதும் கேமரன்மலைக்கு வளைந்து வளைந்து ஏறும் 59-ஆம் எண் சாலை. தானே கியர் மாற்றும் ஆட்டோ காரில் கியரை ‘டி’யில் விட்டுவிடுவதா, கூட்டல் கழித்தல் குறி போட்ட ‘எம்’ பக்கம் தள்ளிக் கையால் மாற்றுவதா என்று கேட்டால், இந்த இரண்டு சாலையும் இரண்டு பதில் சொல்லும். சமதளத்தில் ‘டி’யை விட்டு வெளியே வரத் தேவையே இல்லை. மலை இறக்கத்தில் ‘எம்’தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

‘எம்’முக்குப் போனால் கார் மேனுவல் ஆகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். ஆகாது. கிளட்ச் பெடல் கிடையாது, கார் அணையாது. ஆட்டோ மட்டும் ஓட்டும் டி.ஏ. லைசன்ஸ் வைத்திருப்பவரும் தாராளமாகப் பயன்படுத்தலாம். கியர்பெட்டியின் கணினி காவலுக்கு அப்படியே நிற்கும். வேகமாகப் போகும்போது தெரியாமல் கியரை ரொம்பக் கீழே இறக்கப் பார்த்தால் அது கேட்காது. காரை நிறுத்தும்போது தானே முதல் கியருக்கு வந்துவிடும். பெரும்பாலான கார்களில் எஞ்சின் சுழற்சி எல்லையைத் தொட்டால் மேல் கியருக்கும் தானே மாறிக்கொள்ளும். போர்ஷே நிறுவனம் 1990 வாக்கில் ‘டிப்டிரானிக்’ என்ற பெயரில் 911 காரில் கொடுத்த வசதி, இன்று நம் ஊர்ச் சாதாரணக் குடும்பக் கார் வரைக்கும் வந்திருக்கிறது.

அடுத்து, உங்கள் காரில் இருப்பது எந்தக் கியர்பெட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மூன்று வகைக்கும் குணம் வேறு. 2019-இல் வந்த புரோட்டான் சாகாவில் நான்கு கியர் கொண்ட வழக்கமான ஆட்டோ. பெரோடுவா மைவியில் 2021-இல் சிவிடி வந்தது. அதில் பல் சக்கரக் கியர்களுக்குப் பதிலாகப் பட்டையும் கப்பிகளும் முக்கிய வேலையைச் செய்கின்றன. 2020-இல் வந்த புரோட்டான் எக்ஸ்50-இல் ஏழு கியர் இரட்டைக் கிளட்ச் பெட்டி, அதாவது இரண்டு கிளட்ச் மாறி மாறிக் கியரைப் பிடிக்கும் பெட்டி. எல்லா ஆட்டோ காரிலும் ‘எம்’ இருக்காது. பழைய நான்கு கியர்ப் பெட்டிகளில் ‘டி’க்குக் கீழே, கீழ்க் கியரிலேயே வைத்திருக்கும் 2, ‘எல்’ என்று இருக்கும். சில சிவிடி கார்களில் அந்த இடத்தில் ‘எஸ்’ஸும், பிரேக்கைக் குறிக்கும் ‘பி’யும் இருக்கும்.

சரி, சமதளம். தாப்பா கடைத்தெருவிலும் டோல் சாவடி வரிசையிலும் ‘டி’யை மிஞ்ச எதுவும் இல்லை. கையால் மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகும் என்ற பேச்சை நான் நம்புவதில்லை. மேனுவல் காரில் பழகியவர்கள் சீக்கிரம் மேல் கியருக்குத் தள்ளினால், எஞ்சின் குறைந்த சுழற்சியில் முக்கிக்கொண்டு ஓடுகிறது. இதைக் கணினி நம்மைவிட நன்றாகக் கணிக்கும். சிவிடியில் இன்னும் மோசம். அதன் முழுப் பலனே படி இல்லாமல் விகிதத்தை மாற்றிக்கொண்டே போவதுதான். ‘எம்’மில் போட்டால் கணினி செயற்கையாகப் படிகளை உண்டாக்க வேண்டியிருக்கிறது.

சமதளத்தில் ‘எம்’ உதவும் இடம் ஒன்றே ஒன்று. பழைய கூட்டரசுச் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு முந்தக் காத்திருக்கும் நேரம். ‘டி’யில் எண்ணெய்ப் பெடலை அழுத்தினால் பெட்டி யோசித்துக் கியரை இறக்க ஒரு கணம் எடுக்கும். முன்கூட்டியே ‘எம்’மில் ஒரு கியர் இறக்கி வைத்திருந்தால், வழி கிடைத்ததும் கார் உடனே பாயும். முந்தி முடித்ததும் மறுபடி ‘டி’.

ஏற்றத்தில் போட்டி கொஞ்சம் நெருக்கம். நான்கு கியர் ஆட்டோ ஏற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே தவிக்கும். வளைவில் காலை எடுத்தால் மேலே போகும், வளைவு முடிந்து அழுத்தினால் கீழே வரும். இப்படி ஒவ்வொரு வளைவிலும் மாறிக்கொண்டிருந்தால் பெட்டி சூடாகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் குமட்டும். கியரைப் பிடித்து வைத்தால் அந்தத் தவிப்பு நின்றுவிடுகிறது. சிவிடிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ‘டி’யே போதும். இரட்டைக் கிளட்ச் பெட்டிக்கு ‘எம்’மா ‘டி’யா என்பதைவிட, ஏற்றத்தில் காய்கறி லோரிக்குப் பின்னால் இஞ்ச் இஞ்சாக ஊராமல் இருப்பதுதான் முக்கியம். இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒரே மூச்சில் நகருங்கள். எண்ணெய்ப் பெடலை லேசாக அழுத்தியபடி காரை மேட்டில் தொங்கவிட்டால் கிளட்ச் சூடேறிவிடும்.

இப்போது இறக்கம். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

கேமரன்மலை மேலுள்ள தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாப்பா கிட்டத்தட்ட அடிவாரம். ஐந்து பேர் ஏறிய சிறிய கார் சுமார் 1,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது விடுவிக்கும் ஆற்றல் அறுபது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. காற்றும் டயரும் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை வாங்கிக்கொள்ள இரண்டே இடம்தான்: எஞ்சின், இல்லாவிட்டால் பிரேக்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டைக்கோசும் சோளமும் பின்னால் நிறைய, குடும்பத்தோடு இறங்கினேன். கியர் ‘டி’யில். வழியில் உள்ள ரிங்லெட் ஊரைத் தாண்டியதிலிருந்து என் கால் பிரேக்கிலேயேதான் இருந்தது. பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் பெட்டி மேல் கியரில் ஓடியது. எஞ்சின் காரைப் பிடிக்கவே இல்லை. லாத்தா இஸ்கந்தார் அருவி நெருங்கும்போது கருகிய ரப்பர் மாதிரி ஒரு வாடை. முன்னால் போகும் லோரி என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரல் ஆழத்துக்குப் போனது, பஞ்சை மிதித்த மாதிரி. அருவிக்கு எதிரே ஓரங்கட்டினேன். முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. என் மனைவி தண்ணீர் போத்தலை எடுத்துக்கொண்டு இறங்க, தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்ற என் மாமனார் தடுத்தார். கொதிக்கும் இரும்பில் தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு கோணிவிடும், வெடித்தும் விடும். அரை மணி நேரம் அப்படியே ஆறவிட்டோம். அப்போது அவர் சொன்னார்: “ஏறுன கியர்லயே இறங்கணும், மாப்பிள்ளே. ஆட்டோவா இருந்தா என்ன? மலைக்கு அது தெரியுமா?”

மீதி வழியை ‘எம்’மில் இறங்கினேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர், இரண்டாம் கியர், எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு மூவாயிரத்தை ஒட்டி. எஞ்சின் சத்தம் கூடியது. கார் தானாகவே அடங்கி இறங்கியது. வளைவுக்கு முன்னால் ஒரு தடவை அழுத்தமாக மிதித்து, உடனே காலை எடுத்துவிட்டால் போதும். நடுநடுவே தட்டு ஆற நேரம் கிடைக்கிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டு எஞ்சின் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். சிவப்புக் கோட்டுக்கு வெகு கீழேதான் இருக்கிறோம். காலை எடுத்துவிட்டுக் கியரில் உருளும்போது இன்றைய எஞ்சின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும்.

‘டி’ பக்கமும் நியாயம் சொல்ல வேண்டும். புதிய கார்களில் சில, இறக்கத்தை உணர்ந்து, பிரேக்கை மிதித்ததும் தானே ஒரு கியர் இறக்கிக்கொடுக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மிதித்த பிறகு செய்கிற வேலை. அடுத்த வளைவு எவ்வளவு குறுகல் என்று கண்ணால் பார்ப்பவர் நாம். அதேபோல, “பிரேக் பேட் மலிவு, கியர்பெட்டி விலை” என்று பட்டறை ஃபோர்மேன்கள் சொல்வதும் உண்மைதான், ஆனால் அது ஊருக்குள் ஒவ்வொரு சமிக்ஞை விளக்குக்கும் கியரை இறக்கி விளையாடுபவருக்கு. மலையில் பேட் தேய்வது பெரிய விஷயமில்லை, சூடுதான் ஆபத்து. பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்திலுள்ள புதிய எண்ணெய் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். டாட் 4-க்கு 230, 155. எண்ணெய் கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகிப் பெடல் பஞ்சாகிவிடும். அன்று என் பெடல் பஞ்சானதற்கு அதுதான் காரணம். எண்ணெயை மாற்றி வருடக்கணக்காகியிருந்தது.

‘எம்’ இல்லாத காரா? 2, ‘எஸ்’, ‘பி’ எல்லாம் அதே வேலையைச் செய்யும், நுணுக்கம் மட்டும் குறைவு. ‘எல்’ மிகச் செங்குத்தான இடத்துக்கு மட்டும். எந்தக் கியரும் பிடிக்காத ‘என்’னில் உருள்வதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோலும் போகும், பிடிமானமும் போகும்.

தோட்டத்துச் செம்மண் பாதையில் மட்டும் கணக்கு கொஞ்சம் மாறும். மழை பெய்த பிறகு குலை லோரிகள் உழுத சரிவில் ‘எல்’ போட்டு இறங்கினால், எஞ்சின் இழுக்கும் இழுப்பிலேயே முன்சக்கரம் வழுக்கும். அங்கே இரண்டாம் கியரும் மெதுவான காலும் நல்லது.

இன்னொன்று, மலைக்குப் போகும் முன் ஒருநாள் காலை ஆளில்லாத சாலையில் லீவரைத் தட்டிப் பாருங்கள். பல கார்களில் முன்னால் தள்ளினால் கியர் ஏறும். மாஸ்டாவிலும் பிஎம்டபிள்யூவிலும் முன்னால் தள்ளினால் இறங்கும். உங்கள் கார் எது என்று கைக்குப் பழகியிருக்க வேண்டும். ரிங்லெட் வளைவில் குனிந்து குறியைப் பார்க்க நேரம் இருக்காது.