பழைய .315 ரைபிள் வாங்கலாமா?

மேற்கு வங்கத்தில் உள்ள இஷாப்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த பழைய .315 போல்ட் ஆக்‌ஷன் ரைபிளை முறைப்படி லைசென்ஸில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தாச்சு. ரொம்பப் பிடித்திருக்கிறது. பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளான லீ என்ஃபீல்டு வழி வந்த போல்ட் (தோட்டாவை ஏற்றிக் குழலை மூட, கையால் இழுத்துத் தள்ளும் உலோகத் தண்டு), முன்னால் தள்ளி மூடும்போதுதான் ஸ்பிரிங் இறுகும், அந்த அழுத்தம் கைக்குப் பழகிவிட்டால் அடுத்த தோட்டா மளமளவென்று ஏறிவிடும். தோளில் உதை பலமாகவே விழும்.

வாங்கும்போது மரக்கட்டையின் பளபளப்பில் மயங்காதீர்கள்! தோட்டா இல்லை என்று உறுதி செய்துவிட்டு, போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள், தோட்டாவைச் சுழற்றி அனுப்பும் உள்வரிகள் தெளிவாக இருக்கணும், துரு அரித்த குழி இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நம்ம கடலோர உப்புக்காற்றுக்கு எண்ணெய்த் துணி கட்டாயம்.

அப்புறம், இது ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் பயிற்சித் திடலில், சுட மட்டும். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, கீரிப்பாறைக் காட்டுப் பக்கம் காட்டுப்பன்றித் தொல்லை என்று நாமாகத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.