பேப்பூர் புலிமுட்டுக்குக் கைத்தூண்டிலா, ரீலா: ஒரு கூடலூர்க்காரன் கணக்கு

கம்பு இல்லாமல் நைலான் நரம்பைக் கையாலேயே எறிந்து இழுப்பது கைத்தூண்டில். கம்பில் மாட்டி நரம்பைச் சுற்றி இழுப்பது ரீல். என்னிடம் இரண்டும் இருக்கிறது. கடலுக்கு இப்போது கைத்தூண்டிலை மட்டும்தான் எடுத்துப் போகிறேன். புதிதாக வாங்க நினைக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

நாடுகாணிச் சுரத்து மலைப்பாதையில் இறங்கி நிலம்பூர் வழியாகப் போனால், கோழிக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே சாலியாறு கடலில் விழும் இடம் பேப்பூர். நம்ம பாண்டியாற்றுத் தண்ணீரும் புன்னம்புழையில் கலந்து அங்கேதான் போய்ச் சேருகிறது. ஆற்று முகத்தின் இரு பக்கமும் கடலுக்குள் கல் கொட்டி நீட்டியிருக்கிறார்கள், அதுதான் புலிமுட்டு. பேப்பூர்ப் பக்கத்தில் அதன்மேலேயே நடந்து போகலாம். கரையில் பிள்ளைகள் ஓடியாட மணல் உண்டு, கொறிக்கக் கடைகள் உண்டு. மீன் கிடைக்காவிட்டாலும் வீட்டில் திட்டு கிடைக்காது.

தூரம் எறிவதில் ரீல் வைத்த கம்புதான். அதில் பேச்சே இல்லை. மீனைக் கல்லுக்கு மேலே தூக்கி எடுப்பதற்கும் கம்பு வசதி, நரம்பு பாறையில் உரசாது. கைத்தூண்டிலில் உரசும். அதனால் நான் 0.60 மில்லிமீட்டருக்குக் குறையாத தங்கூசி நரம்பு போடுகிறேன். மெல்லிய நரம்பு கல்லிலும் அறுபடும், விரலையும் அறுக்கும். விலையைப் பற்றி நீட்ட வேண்டாம்: நரம்பு, முள், ஈயக்குண்டு, சுற்றி வைக்க ஒரு கட்டை எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய். உப்புத்தண்ணீருக்குத் தாங்கும் ரீல் என்றால் சில ஆயிரம்.

விலை கொடுத்தாவது வாங்கலாம் என்பவர்கள், வாங்கிய பிறகு அது எங்கே இருக்கப்போகிறது என்று யோசிக்க வேண்டும். கோழிக்கோட்டுக்காரர் காலையில் மீன் பிடித்துவிட்டு, மத்தியானம் ரீலைக் கழுவி வெயிலோரம் வைத்துவிடுவார். நாம் சுரம் ஏறி வந்து சேரும்போது இரவாகிவிடும். அதுவரை உப்பு உள்ளேயே ஊறிக்கொண்டிருக்கும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அந்த உப்பு பேரிங்கிலும் பல்சக்கரத்திலும் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடுக்கு அந்த அளவும் வேண்டாம், 33 சதவீதமே போதும். ஜூன் பிறந்ததும் நம்ம அடுப்படியில் உப்பு ஜாடிக்கு என்ன ஆகிறதோ, அதேதான் ரீலுக்குள்ளும் ஆகிறது. கடற்கரையிலாவது காற்றும் வெயிலும் மாறி மாறி வரும். தேவாலா, பந்தலூர்ப் பக்கம் மழை பிடித்தால் துவைத்த துணியே காயாமல் நாறும்.

இதில் உலோகங்களின் சண்டை வேறு. நரம்பு சுற்றும் சுருள் அலுமினியம், பல்சக்கரம் பித்தளை, பேரிங் ஸ்டீல். உப்புநீர் நடுவில் நின்றால் ஒன்று இன்னொன்றை அரிக்கும். பெரும்பாலும் முதலில் இறுகுவது நரம்பு உருண்டு போகும் அந்தச் சின்ன ரோலர். அது சுற்றாமல் நின்றால் நரம்பு முறுக்கிக்கொண்டு தேயும், மீன் இழுக்கும்போது அங்கேயே அறும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை புலிமுட்டுப் பக்கம் போவதே ஆபத்து. அலை கல்லைத் தாண்டி அடிக்கும், ஆறும் கலங்கி வரும். ஆக, ரீலுக்கு வேலையே இல்லாத அந்த நாலு மாதத்தில்தான் அது அழிகிறது. நைலான் நரம்பு துருப்பிடிக்காது. ஒரு வாளித் தண்ணீரில் முக்கி நிழலில் போட்டால் போதும், வெயிலும் கீறலும்தான் அதற்கு எதிரி. முள் துருப்பிடித்தால் தூக்கிப்போட்டுவிட்டு வேறு கட்டலாம். அறுந்த நரம்பை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள். நாய்க்கும் பறவைக்கும் காலில் சுற்றிக்கொள்ளும்.

கைக்கு வரும் உணர்ச்சியும் ஒரு காரணம். கெளுத்தி இரையைக் கவ்வும் இழுப்பு வேறு, செம்பல்லியின் வெடுக்கென்ற இழுப்பு வேறு. நரம்பு விரலில் இருந்தால் இரண்டும் தெரியும். கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கமும் முள் உண்டு. வெறுங்கையால் பிடிக்க வேண்டாம், குறடு வைத்துக்கொள்ளுங்கள். எறிவதற்கு எதுவானாலும் விடியற்காலையே நல்லது. விடுமுறை நாள் சாயங்காலம் நடைபாதையில் ஈயக்குண்டைச் சுழற்றினால் யார் தலையிலாவது படும்.

பெரிய பாரை மீனோ ஷீலா மீனோ என் கைத்தூண்டிலில் இதுவரை மாட்டியதில்லை. மாட்டினால் கை தாங்குமா என்பதை ரீல்காரர்களிடம்தான் கேட்க வேண்டும். மீன் பலமாக இழுத்தால் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் டிராக் என்ற பிரேக்கை வைத்து விட்டுப் பிடிக்கும் வசதி அவர்களுக்குத்தானே இருக்கிறது. ஆறு, குளம் என்று நல்ல தண்ணீரில் தூண்டில் போடுபவர்களுக்கும் என் உப்புக் கணக்கு பொருந்தாது.

ஏற்கெனவே ரீல் வாங்கிவிட்டவர்கள் டிராக்கை இறுக்கிவிட்டு, மெதுவாக விழும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு இன்னும் உள்ளேதான் போகும். துடைத்துவிட்டு டிராக்கைத் தளர்த்திக் காயவிடுங்கள். முடிந்தால் சுரம் ஏறும் முன்பே, நிலம்பூரில் சாப்பிட நிறுத்தும் இடத்தில், இதை முடித்துவிடுங்கள். டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போடுவது உள்ளே உப்பு இல்லாத ரீலுக்குத்தான் உதவும். மே கடைசியில் ரீலைக் கோயம்புத்தூரில் யாராவது மாமா வீட்டுப் பரணில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மழை விட்டதும் எடுத்துக்கொள்வது இன்னும் உத்தமம். அப்படி ஒரு மாமா இருந்தால் ரீல் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.