டிம் ஹோவர்டின் எட்டு ஆட்டங்கள்: ஃபிஃபா பிளஸ் காப்பகத்துக்கு ஒரு மதிப்புரை

உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபா, 2022 ஏப்ரலில் கட்டணமில்லாச் சேவையாகத் தொடங்கிய ஃபிஃபா பிளஸ்ஸில் பலவகை நிகழ்ச்சிகள் உண்டு என்றாலும், அதன் உண்மையான செல்வம் பழைய உலகக் கோப்பை ஆட்டங்களின் முழுநீளப் பதிவுகள்தான். இத்தகைய காப்பகத்தின் தரத்தை அறிய, ஓய்வுபெற்ற ஒரே ஒரு வீரரை அதில் தொடர்ந்து பார்ப்பதே நல்ல சோதனை என்று கருதி, அமெரிக்க அணியின் முன்னாள் கோல்கீப்பர் டிம் ஹோவர்டைத் தேர்ந்துகொண்டேன். முன்கள வீரர் ஒருவரைத் தேர்ந்திருந்தால் சோதனை எளிதாகிப் போயிருக்கும். அவர் அடித்த கோல்களைச் சில நிமிடத் தொகுப்புகளில் பார்த்தாலே அவருடைய ஆட்டம் ஏறக்குறைய பிடிபட்டுவிடும். கோல்கீப்பரின் நிலை வேறு. பந்து எதிர்முனையில் சுற்றிக்கொண்டிருக்கும் நீண்ட நேரமும் அவருடைய பணியில் சேர்ந்ததே என்பதால், முழு ஆட்டம் கிடைக்காவிட்டால் அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

1979இல் பிறந்து நியூ ஜெர்சியில் வளர்ந்த ஹோவர்ட், அமெரிக்காவின் மெட்ரோஸ்டார்ஸ் அணியிலிருந்து 2003இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தார். உடல் தானாகத் துடிக்கவும் ஒலியெழுப்பவும் வைக்கும் டூரெட் நோய்க்குறி அவருக்கு இருந்ததைக் கேலி செய்து இங்கிலாந்தின் சில பத்திரிகைகள் அப்போது இட்ட தலைப்புகள் அந்தப் பத்திரிகைகளுக்குத்தான் இழுக்கு. 2006இல் இன்னொரு இங்கிலாந்து அணியான எவர்டனுக்கு மாறிய பின் பத்துப் பருவங்களில் அந்த அணிக்காக 400க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நின்றார். நாட்டுக்காக ஆடியவை 121. அவற்றுள் உலகக் கோப்பையில் ஆடியவை எட்டு மட்டுமே, 2010இல் நான்கு, 2014இல் நான்கு. 2006 உலகக் கோப்பை அணியிலும் அவர் இருந்தார். ஆனால் கேசி கெல்லருக்கு அடுத்த நிலையில் இருந்ததால் களமிறங்கவில்லை.

எட்டில் முதலில் பார்க்க வேண்டியது, 2014 ஜூலை 1 அன்று சால்வடோரில் பெல்ஜியத்துடன் நடந்த ஆட்டம். அன்று ஹோவர்ட் தடுத்த பந்துகள் 16 என்று முதலில் அறிவிக்கப்பட்டு, பின்னர் 15 எனத் திருத்தப்பட்டன. எந்தக் கணக்கைக் கொண்டாலும் அது உலகக் கோப்பைச் சாதனை. இணையத்தில் பரவிய குறுந்தொகுப்புகளில் அந்தத் தடுப்புகள் அடைமழைபோல ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுவதால், ஏதோ ஒரு வெறியில் நின்று ஆடிய மனிதர் என்ற எண்ணமே மிஞ்சுகிறது. முழுப் பதிவில் தெரிவது நேர்மாறானது. முதல் நிமிடத்திலேயே பெல்ஜியத்தின் டிவோக் ஒரிகி அடித்த பந்தைக் காலால் தடுத்த பிறகு, அவர் செய்வதில் பெரும்பகுதி நிற்கும் இடத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொள்வதும், தடுப்பாட்டக்காரர்களைக் கூவி ஒழுங்குபடுத்துவதும்தான். பந்து வந்து சேரும்போது அவர் ஏற்கெனவே சரியான கோணத்தில் நிற்கிறார். அதனால்தான் பாய்ந்து பறக்க வேண்டிய தேவை குறைந்து, பல தடுப்புகள் காலாலேயே முடிகின்றன. இரண்டாம் பாதியில் கெவின் மிராலஸ் நெருங்கி வந்து அடித்ததும் காலில்தான் பட்டுத் திரும்புகிறது. மிராலஸ் எவர்டனில் அவருடைய சக வீரர். கூடுதல் நேரத்தில் மாற்று வீரராக இறங்கி, டி புரூய்னின் கோலுக்கு வழியமைத்து, இரண்டாவது கோலைத் தானே அடித்த ரொமெலு லுகாகுவும் முந்தைய பருவத்தை எவர்டனில் கழித்தவர்தான். அமெரிக்காவின் கிறிஸ் வொண்டொலாவ்ஸ்கி வழக்கமான நேரத்தின் இறுதியில் வீணடித்த வாய்ப்பு கோலாகியிருந்தால் ஆட்டம் அத்துடன் முடிந்திருக்கும் என்பதையும் முழுப் பதிவுதான் உறைக்கச் செய்கிறது. ஜூலியன் கிரீன் ஒரு கோலைத் திருப்பியும், அமெரிக்கா 1-2 எனத் தோற்றது.

2010 ஜூன் 23 அன்று பிரிட்டோரியாவில் அல்ஜீரியாவுடன் நடந்த ஆட்டம் இன்னொரு வகையில் பயன் தந்தது. 91ஆம் நிமிடத்தில் லேண்டன் டோனோவன் அடித்த கோல் அமெரிக்கக் கால்பந்தில் மிகப் பெயர்பெற்றது. ஆனால் அதன் தொடக்கம் ஹோவர்டின் கையில் இருக்கிறது. தலையால் முட்டப்பட்டு வந்த பந்தைப் பிடித்தவர், நேரம் போக்காமல் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த டோனோவனுக்கு நீளமாக எறிகிறார். அந்த எறிதலை மட்டும் இரண்டு மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். தொடக்கத்திலேயே ரஃபீக் ஜெபூர் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியதையும், கோல் விழாத தொண்ணூறு நிமிடங்களில் பெரும்பகுதியும் அமெரிக்கா வெளியேறும் நிலையிலேயே இருந்ததையும் பார்த்துவிட்டு அந்த இடத்துக்கு வரும்போதுதான் எறிதலின் துணிவு புரிகிறது.

அதே 2010இல் இங்கிலாந்துடன் ரஸ்டன்பர்கில் 1-1 எனச் சமனான ஆட்டத்தில், எமில் ஹெஸ்கி மோதியதில் விலாவில் அடிபட்டும் ஹோவர்ட் முழு நேரமும் நின்றார். ஆட்ட நாயகன் விருதும் அவருக்கே கிடைத்தது. 2014இல் மனாவுஸில் போர்த்துகலுடன் 2-2 எனச் சமனானதில், நானி அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்ப, தடுமாறிப் பின்வாங்கியபடியே எடரின் அடியை இடக்கையால் மேலே தட்டிவிடுகிறாரே, எட்டு ஆட்டங்களிலும் எனக்கு மிகப் பிடித்த தடுப்பு அதுதான்.

ஆனால் ஒளிபரப்புக் கேமரா எப்போதும் பந்தையே பின்தொடர்வதால், அமெரிக்கா தாக்கும் நேரத்தில் கோல்கீப்பர் திரையில் இருப்பதில்லை. அவருடைய அமைதியான வேலையில் ஒரு பங்கு பதிவாகவே இல்லை. இது சேவையின் குறையன்று, ஒளிபரப்பு முறையின் குறை. இதைவிடப் பெரிய வரம்பு, கிளப் ஆட்டங்கள் இந்தக் காப்பகத்தின் எல்லைக்குள் வருவதில்லை என்பது. இங்கிலாந்து கிளப்புகள் மோதும் எஃப்ஏ கோப்பையின் 2009 அரையிறுதியில், தம் பழைய அணியான மான்செஸ்டர் யுனைடெட்டின் பெர்பட்டோவ், ஃபெர்டினாண்ட் ஆகியோரின் பெனால்டிகளை அவர் தடுத்ததை இங்கே காண முடியாது. 2012 ஜனவரியில் போல்டனுக்கு எதிராகத் தம் கோல் பகுதியிலிருந்தே உதைத்த பந்து காற்றில் எழும்பி மறுமுனை வலைக்குள் போனதும், எதிரணிக் கோல்கீப்பரின் நிலையை எண்ணி அவர் கொண்டாடாமல் நின்றதும் இங்கே இல்லை.

இந்த வரம்பால் அவருடைய வாழ்க்கைக் கதை அழகாக்கப்பட்டும் விடுகிறது. உலகக் கோப்பையில் அவரது கடைசி ஆட்டம் சால்வடோர் என்பதால், காப்பகத்தின் வழியே பார்ப்பவருக்கு ஹோவர்ட் தமது உச்சத்திலேயே முடிந்துபோகிறார். 2017 அக்டோபர் 10 அன்று டிரினிடாடின் கூவாவில், சமன் செய்திருந்தாலே அடுத்த உலகக் கோப்பைக்கு வழி கிடைத்திருக்கும் தகுதிச் சுற்று ஆட்டத்தில், 38 வயதில் கோலைக் காத்தவரும் அவரே. ஆல்வின் ஜோன்ஸ் வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து அன்று அவரைத் தாண்டிச் சென்றது. அமெரிக்கா 1-2 எனத் தோற்று வெளியேறியது. அதன் பின்னும் 2019 வரை கொலராடோ ரேபிட்ஸ் அணியில் ஆடிய அவருக்கு, 2024இல் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம் கிடைத்தது. எட்டு ஆட்டங்களையும் பார்த்து முடிப்பவர், கூவா ஆட்டத்தையும் வேறெங்காவது தேடிப் பார்த்துவிடுவது நல்லது.