திருகோணமலைக் காற்றுக்கு முதல் ஆர்சி பிளேன் எது?

ரேடியோவால் ஓட்டும் ஆர்சி பிளேனில் முதலாவது விழத்தான் செய்யும். எது விழாது என்று தேடுவதை விட, விழுந்ததைத் திரும்ப எழுப்ப எவ்வளவு நேரமும் காசும் போகும் என்று பார்த்தால் தெரிவு பாதி முடிந்துவிடும். மிச்சத்தை இங்கத்தைய காற்றும் மணலும் தீர்மானிக்கும்.

கைக்கடக்கமான குட்டிப் பிளேன்தான் முதலில் எல்லாருக்கும் ஆசை காட்டும். செட்டை 50 செ.மீ. அளவு, எடை 100 கிராமுக்குள், ஒரு செல் பற்றரி, உள்ளே ஜைரோ (சாய்வைத் தானாகத் திருத்தும் கருவி). விழுந்தாலும் பெரிதாக உடையாது, பாரம் இல்லையே. காற்றில்லாத விடியற்காலையில் பாடசாலை மைதானத்தில் பழக அருமையானது. ஆனால் மணிக்கு 10 கி.மீ. காற்று எழும்பினாலே இதன் கதை முடிந்தது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் (தென்மேல் காற்று) தரையிலிருந்து கடல் பக்கம் அடிக்கும். ஜைரோ பிளேனைச் சமமாக வைத்திருக்கும், சரி. சமமாகவே கடலுக்குப் போய்ச் சேரும்.

சில்லு வைத்த, மூக்கில் மோட்டர் உள்ள உயர்செட்டை ட்ரெயினர் (செட்டை உடம்புக்கு மேலே உள்ள பழகு பிளேன்) அடுத்தது. வெட்டிய புல்தரையோ இறுகிய தளமோ இருந்தால் நாலு சனலையும் (மோட்டர் வேகம், மூக்கு மேல்-கீழ், இடம்-வலம் திருப்பல், செட்டைச் சரிவு) ஒழுங்காகப் பழக இதுவே நல்லது. கடற்கரையில் இது வேலைக்காகாது. சில்லு புதையும், மூக்குக் குத்தும், புரொப்பெல்லர் முறியும், மோட்டர் ஷாஃப்ட் வளையும். அதோடு உப்புவெளி, நிலாவெளி தாண்டி வடக்கே புல்மோட்டைப் பக்கம் போகப் போக மணலில் இல்மனைட் என்ற கறுப்பு இரும்புத் தாது கலந்திருக்கும். மோட்டர் காந்தம் அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஊதினால் போகாது; செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். எடுக்காமல் ஓட்டினால் உள்ளே கம்பிச் சுருளின் பூச்சு உரசிப்போகும், மோட்டர் புகைக்கும்.

ஈஸிஸ்டார், பிக்ஸ்லர் மாதிரியான பின்மோட்டர் கிளைடர்கள் இந்தத் தொல்லையில் பெரும்பகுதியைத் தவிர்க்கின்றன. மோட்டர் செட்டைக்கு மேலே பின்பக்கம் பார்த்து நிற்கும். மூக்குக் குத்தினாலும் புரொப்பெல்லர் தப்பும், மணலும் குறைவு. சில்லு தேவையில்லை, வயிற்றால் இறங்கும். செட்டை 140 முதல் 150 செ.மீ., எடை 700 கிராம் அளவு என்பதால் மிதமான காற்றையும் எதிர்த்து முன்னே வரும். போம் உடைந்தால் போமுக்கு ஏற்ற சுப்பர் குளூவால் ஒட்டி அரை மணித்தியாலத்தில் மறுபடி எறியலாம்.

இதற்கும் ஒரு கோணல் குணம் உண்டு. மோட்டர் உயரத்தில் இருப்பதால் த்ரொட்டிலை (மோட்டர் வேகத்தை) ஒரேயடியாகக் கூட்டினால் மூக்குத் தாழும். பழகுபவர் பதறி மூக்கைத் தூக்க எலிவேட்டரை (வாலில் உள்ள மேல்-கீழ்த் தகட்டை) இழுப்பார், பிறகு த்ரொட்டிலைக் குறைப்பார். மூக்கு மேலே எழும்பி, வேகம் செத்து, பிளேன் குப்புற விழும். த்ரொட்டிலை மெதுவாகக் கூட்டுங்கள். எறியும்போது காற்றுக்கு எதிராக, மூக்கை மேலே தூக்காமல் மட்டமாக, முக்கால் த்ரொட்டிலில் விடுங்கள். புரொப்பெல்லர் கைக்குப் பின்னால் சுற்றுகிறது; பிடி செட்டைக்குக் கீழே, முன்பக்கமாக இருக்கட்டும்.

போம்போட் பிளேன் காசில் மலிவு. புத்தகக் கடையில் வாங்கும் 5 மி.மீ. போம்போட் (இரண்டு பக்கமும் கடதாசி ஒட்டிய போம்) மூன்று நாலு தாள், குளூ கன், செட்டை, வால் தகடுகளை அசைக்கும் 9 கிராம் சேர்வோ நாலு, 2212 அளவு மோட்டர், மோட்டர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 அம்பியர் ஈஎஸ்சி, மூன்று செல் பற்றரி போதும். செட்டை போனால் அன்றிரவே இன்னொன்று வெட்டலாம். வெளிநாட்டுப் பார்சலுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. குறை இரண்டு: ஈரம் பட்டால் கடதாசி உரியும், ஆகையால் வெட்டும் முன்பே இரண்டு பக்கமும் வார்னிஷ் அடிக்க வேண்டும், மத்தியான வெயிலில் காருக்குள் விட்டால் குளூ இளகி செட்டை முறுகும். முறுகிய செட்டையோடு பழகினால் ஒரு பக்கம் இழுப்பது பிளேனா கையா என்று தெரியாது.

எதை வாங்கினாலும் பார நடுவைப் பார்க்காமல் எறியாதீர்கள். செட்டையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் முதல் மூன்றிலொரு பங்குக்குள் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக நிற்க வேண்டும், 18 செ.மீ. அகலம் என்றால் 4.5 முதல் 6 செ.மீ. மூக்குப் பாரமானது மந்தமாகப் பறக்கும், வால் பாரமானது பறக்கவே விடாது. பிளேன் உங்களை நோக்கி வரும்போது இடம் வலம் மாறித் தோன்றும். தாழ்ந்த செட்டை எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே ரேடியோவின் குச்சியைத் தள்ளுங்கள், நிமிரும்.

சீனக்குடா விமானத் தளத்தின் சுற்று, கடற்படைப் பகுதி, கோட்டைப் பக்கம் மூன்றும் வேண்டாம். ரேடியோவும் பிளேனும் வரவழைக்கும் முன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையிடமும் அனுமதி விபரம் கேட்டுவிடுங்கள். பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை காலைகள் நல்லவை. பின்னேரம் கடற்காற்று கரைப்பக்கம் தள்ளும் என்பதால் பிளேன் தண்ணீரில் விழும் ஆபத்தும் குறைவு.

காசும் பொறுமையும் உள்ளவர் பின்மோட்டர் கிளைடர் எடுக்கட்டும். கத்தியும் அளவுகோலும் பிடிக்கத் தெரிந்தவர் போம்போட்டில் தொடங்கலாம். அதன் மோட்டர், சேர்வோ, ரேடியோ மூன்றும் அடுத்த பிளேனுக்கும் உதவும். குட்டியை வாங்கினால் கச்சான் காலத்தில் அலுமாரியில் வையுங்கள், பற்றரியை மட்டும் 3.8 வோல்ட்டில் விட்டு.